காசில்லாத வீட்டில் முழங்கிய கிட்டார்!

முதல் வாத்தியத்தை மறக்காத உலகப் புகழ்க் கலைஞர்கள்

லண்டன் மாநகரம். 1972-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி இரவு. நாட்டிங் ஹில் பகுதியில் ஒரு வேன் நின்று கொண்டிருந்தது. உள்ளே ஒரு பாட்டுக் கோஷ்டியின் சாமான்கள்.

நள்ளிரவில் யாரோ வேனுக்குள் புகுந்தார்கள். உள்ளே இருந்த ஒரு பழைய பேஸ் கிட்டாரை அமுக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

திருட்டுப் போன கிட்டாரின் சொந்தக்காரர் சாதாரண ஆள் அல்ல. பீட்டில்ஸ் கோஷ்டியில் பாடி உலகத்தையே ஆட வைத்த பால் மெக்கார்ட்னிதான் அவர்! அந்தக் கிட்டாரை 1961-ம் ஆண்டு ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் அவர் வாங்கியபோது விலை சுமார் 30 பவுண்டு.

வருடங்கள் ஓடின. மெக்கார்ட்னியிடம் பணத்துக்குக் குறைவில்லை. கடையையே விலைக்கு வாங்கலாம். ஆனாலும் அந்தப் பழைய கிட்டார்மேல் இருந்த ஆசை போகவில்லை. அதைத் தேட ஒரு குழுவே கிளம்பியது. பத்திரிகைகளில் செய்தி போட்டார்கள். பார்த்தவர்கள் தகவல் கொடுங்கள் என்று வேண்டுகோள் விடுத்தார்கள்.

கடைசியில் சசெக்ஸ் மாவட்டத்தில் ஒரு வீட்டின் பரணில் தூசி படிந்து கிடந்தது கிட்டார்! 51 ஆண்டுகள் கழித்து அது எஜமானரின் கைக்கு வந்து சேர்ந்தது. 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் செய்தி வெளியானது. அதே ஆண்டு டிசம்பரில் லண்டன் மேடையில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசித்தார் மெக்கார்ட்னி. அப்போது அவருக்கு வயது 82.

30 பவுண்டு சாமானுக்கா இத்தனை பாடு?

அதுதான் விஷயமே! மின்சாரக் கிட்டார் வாசித்துக் கோடி கோடியாகச் சம்பாதித்த கலைஞர்கள் பலர், பிற்காலத்தில் வாங்கிய விலை உயர்ந்த கிட்டார்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கையில் காசில்லாத நாளில் வந்த முதல் கிட்டார், அதோடு வந்த லொடலொட ஆம்ப்ளிஃபையர்... இதைக் கேட்டுவிட்டால் போதும், மணிக்கணக்கில் பேசுவார்கள். வாத்தியத்தைப் பற்றிய பேச்சு பாதி. அதை வாங்கிக் கொடுத்த அப்பா, அம்மாவைப் பற்றிய பேச்சு மீதி!

கரண்டு இல்லாவிட்டால் கொசு சத்தம்தான்!

சாதாரண மரக் கிட்டாருக்கும் மின்சாரக் கிட்டாருக்கும் என்ன வித்தியாசம்?

நம்ம ஊர் வீணைக்குக் குடம் இருக்கிறது. மரக் கிட்டாருக்கு வயிறு இருக்கிறது. கம்பியை மீட்டினால் அந்தக் குழிவுக்குள் சத்தம் பெருகி வெளியே வரும்.

மின்சாரக் கிட்டாரில் பெரும்பாலும் அந்த வயிறு கிடையாது. வெறும் பலகைதான். கம்பிகளுக்கு அடியில் காந்தம் இருக்கும். காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். இதற்குப் ‘பிக்-அப்’ என்று பெயர். மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் கீழே சுருளில் துளி மின்சாரம் உண்டாகும்.

அந்தத் துளி மின்சாரத்தைப் பெரிதாக்குவது ஆம்ப்ளிஃபையர். கலைஞர்கள் செல்லமாக ‘ஆம்ப்’ என்பார்கள். பெரிதாக்கிய மின்சாரம் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை ஆட்டும். கூம்பு ஆடினால் சத்தம்!

ஆக, ஆம்ப் இல்லாத மின்சாரக் கிட்டார் கொசு சத்தம்தான் போடும். எதிரே உட்கார்ந்தவனுக்குக்கூடக் கேட்காது. ஏழை வீட்டுப் பையனுக்கு இங்கேதான் இடி! கஷ்டப்பட்டுக் கிட்டாரை வாங்கியபிறகு, அதைப் பேச வைக்க இன்னொரு பெட்டி வாங்க வேண்டும். அதற்குக் காசு?

ட்ரம்பெட் போச்சு, கிட்டார் வந்தது

மெக்கார்ட்னி பிறந்தது 1942-ம் ஆண்டு, இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரத்தில். அப்பா ஜிம், பஞ்சு வியாபாரக் கம்பெனியில் வேலை பார்த்தவர். வாலிப வயதில் சொந்தமாகப் பாட்டுக் கோஷ்டி நடத்தியவர். அம்மா மேரி, பிரசவம் பார்க்கும் நர்ஸ்.

மகனுக்கு 14 வயது ஆனபோது அப்பா ஆசையாக ஒரு ட்ரம்பெட் வாங்கிக் கொடுத்தார். அதே ஆண்டு, 1956 அக்டோபர் கடைசி நாளில், அம்மா இறந்துபோனார். வீட்டில் இடி விழுந்தது.

பையனுக்குப் பாட வேண்டும் என்று ஆசை. வாயில் ட்ரம்பெட்டை வைத்துக்கொண்டு எப்படிப் பாடுவது? அப்பாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான். அப்பா சரி என்றார். ட்ரம்பெட்டைக் கடையில் கொடுத்துவிட்டு ஒரு ஜெனித் கிட்டாரைத் தூக்கி வந்தான். விலை 15 பவுண்டு.

வீட்டுக்கு வந்து பார்த்தால் வாசிக்கவே வரவில்லை! என்ன கோளாறு என்று புரியவில்லை. ஒரு நாள் இடது கையால் வாசிக்கும் ஒரு பாடகரின் படத்தைப் பார்த்தான். அப்போதுதான் மூளையில் பளிச்சென்று பட்டது. அவனும் இடது கைக்காரன்! கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பினான். கம்பிகளையும் கழற்றி மாற்றிக் கட்டினான். அப்புறம் கிட்டாரைக் கீழே வைக்கவே இல்லை. அம்மா போன துக்கத்தில் கிட்டாரே கதி என்று கிடந்தான்.

1960-ம் ஆண்டு ஹாம்பர்க் போக வாய்ப்பு வந்தது. இரவு விடுதிகளில் மணிக்கணக்கில் வாசிக்கும் வேலை. அதற்காக வாங்கியதுதான் ‘ரொசெட்டி’ என்ற மின்சாரக் கிட்டார். பார்க்கப் பகட்டு, வாசித்தால் சொத்தை! மெக்கார்ட்னியே பின்னாளில் அதைக் கண்டபடி கேலி செய்திருக்கிறார். ஹாம்பர்க்கிலேயே அது உடைந்தும் போயிற்று.

மறு ஆண்டு கோஷ்டியில் பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லை. அந்த வேலை மெக்கார்ட்னி தலையில் விழுந்தது. நண்பர்கள் விலை உயர்ந்த கிட்டார்களைக் கடனில் வாங்கினார்கள். மெக்கார்ட்னி மட்டும் கடைக்குப் போய் மலிவாக எது இருக்கிறது என்று பார்த்தார்.

காரணம் அப்பா! கடன் மட்டும் வாங்காதே என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிச் சொல்லி வளர்த்தவர் அவர். அந்தப் பயம் மகனின் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது.

கண்ணில் பட்டது 30 பவுண்டு ‘ஹாஃப்னர்’. வயலின் மாதிரி உருவம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததால் இடது கைக்காரர் மாட்டினாலும் அசிங்கமாகத் தெரியாது. அப்பாவின் புத்திமதிக்குக் கட்டுப்பட்டு வாங்கிய அந்த மலிவுச் சரக்குதான் பீட்டில்ஸ் கோஷ்டியின் அடையாளமாக உலகம் பூராவும் பரவியது. 1972-ல் களவு போனதும் அதுவேதான்!

பச்சைப் பெட்டியின் மகிமை

மெக்கார்ட்னியின் முதல் ஆம்ப் எது? ‘எல்பிகோ’ என்ற பெயரில் விற்ற ஒரு குட்டிப் பச்சைப் பெட்டி. கிட்டாருக்கென்று அதில் துளைகூடக் கிடையாது. மைக்குக்கு ஒன்று, கிராமபோனுக்கு ஒன்று, அவ்வளவுதான். அதில்தான் கிட்டாரைச் சொருகி வாசித்தார். அந்தப் பெட்டி இன்னும் தன்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று பல ஆண்டுகள் கழித்துப் பெருமையோடு சொல்லியிருக்கிறார்.

அதே எல்பிகோ பச்சைப் பெட்டி இன்னொரு பையனின் கையிலும் சிக்கியது. அவன் செய்த காரியம் விபரீதம்!

அவன் பெயர் டேவ் டேவிஸ். வடக்கு லண்டனில் மஸ்வெல் ஹில் பகுதி. எட்டுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கடைக்குட்டி. மூத்தவர்கள் ஆறு பேரும் அக்காமார்கள். அடுத்தவர் அண்ணன் ரே.

அந்த வீட்டுக் கிட்டாருக்கும் ஒரு கண்ணீர்க் கதை உண்டு. 1957-ம் ஆண்டு ரேயின் 13-வது பிறந்த நாள். அக்கா ரெனி தம்பிக்கு ஒரு ஸ்பானிஷ் கிட்டார் பரிசாகக் கொடுத்தார். அவருக்கு இருதயக் கோளாறு. அன்று மாலை நடனம் ஆடப் போனார். ஆடிக்கொண்டிருந்தபோதே சுருண்டு விழுந்து இறந்துபோனார். பரிசு கொடுத்த கை அன்றைக்கே போய்விட்டது.

அண்ணனும் தம்பியும் வளர்ந்து ‘கிங்க்ஸ்’ என்ற கோஷ்டியைத் தொடங்கினார்கள். டேவுக்கு வயது 17. தன் பச்சைப் பெட்டியில் வந்த சத்தம் அவனுக்குப் பிடிக்கவில்லை. மழுமழு என்று இருந்தது. மனசுக்குள் கொதிக்கிற கோபம் அதில் வரவில்லையே!

ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் சவரம் செய்கிற பிளேடை எடுத்தான். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைக் கீறோ கீறென்று கீறிவிட்டான்!

வேறு வீடாக இருந்தால் முதுகுத் தோல் உரிந்திருக்கும். ஆனால், கிழிந்த ஸ்பீக்கரிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள்... அதுவரை கேட்காத சத்தம்! அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய ஆம்ப்போடு இணைத்து வாசித்தான். சத்தம் இன்னும் பயங்கரமாகியது.

1964-ம் ஆண்டு அந்தக் கரகரப்போடு கிங்க்ஸ் கோஷ்டியின் ‘யூ ரியலி காட் மி’ என்ற இசைத்தட்டு வெளிவந்தது. செப்டம்பரில் இங்கிலாந்தில் முதல் இடம்! பின்னால் வந்த கலைஞர்கள் எத்தனையோ பேர் அந்தக் கரகரப்பைக் கொண்டுவரப் படாத பாடு பட்டார்கள். அந்தச் சத்தத்துக்காகவே தனியாகக் கருவிகள் செய்து விற்கிறார்கள். எல்லாவற்றுக்கும் முன்னோடிகளில் ஒன்று, ஒரு பையன் பிளேடால் கிழித்த பெட்டி!

சாக்ஸபோனைத் திருப்பிக் கொடுத்த அப்பா

மெக்கார்ட்னி பிறந்த அதே 1942-ம் ஆண்டு. கடலுக்கு அப்பால் அமெரிக்காவில், சியாட்டில் நகரத்தில், ஒரு கறுப்பினக் குடும்பத்தில் இன்னொரு இடது கைக்காரன் பிறந்தான். அவன்தான் ஜிமி ஹென்ட்ரிக்ஸ்.

அப்பா அல் ஹென்ட்ரிக்ஸ் தோட்ட வேலை செய்பவர். அடுத்தவர் வீட்டுப் புல்லை வெட்டிக் கிடைத்த கூலியில் குடும்பம் ஓடியது. பையனுக்குக் கிட்டார் ஆசை. கிட்டார் ஏது? துடைப்பக்கட்டையைப் பிடித்துக்கொண்டு வாசிப்பதுபோல் பாவனை செய்வான்.

ஒரு நாள் அப்பாவோடு குப்பை அள்ளப் போன இடத்தில் ஒரு பழைய உகுலேலே கிடைத்தது. கிட்டாரின் தம்பி மாதிரி ஒரு சின்ன வாத்தியம். அதில் இருந்தது ஒரே ஒரு கம்பி. அந்த ஒற்றைக் கம்பியிலேயே ரேடியோவில் கேட்ட பாட்டுகளை வாசித்துப் பழகினான்.

1958-ம் ஆண்டு பிப்ரவரியில் அம்மா இறந்துபோனார். பையனுக்கு வயது 15. அதே ஆண்டு 5 டாலர் விலையில் ஒரு பழைய மரக் கிட்டார் கைக்கு வந்தது. வலது கைக்காரர்களுக்கான கிட்டார். இவனும் மெக்கார்ட்னியைப் போலவே திருப்பிப் பிடித்தான், கம்பிகளை மாற்றினான்.

ஆனால் நண்பர்களின் கோஷ்டியில் மற்ற வாத்தியங்கள் முழங்கும்போது மரக் கிட்டார் சத்தம் எடுபடுமா? மின்சாரக் கிட்டார் வேண்டும் என்று அப்பாவை நச்சரித்தான்.

1959-ம் ஆண்டு அல் மனமிரங்கினார். மகனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். ‘சுப்ரோ ஓசார்க்’ என்ற வெள்ளை நிறக் கிட்டாரைத் தவணை முறையில் வாங்கிக் கொடுத்தார்.

அப்பாவுக்கும் ஒரு ஆசை இருந்தது. தனக்காக ஒரு சாக்ஸபோனையும் தவணையில் எடுத்தார். அப்பாவும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கலாமே!

மாதம் பிறந்தால் தவணை கழுத்தைப் பிடித்தது. இரண்டுக்கும் கட்டக் கூலிப் பணம் போதவில்லை. எதை விடுவது? அல் தன் சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு போய்க் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். மகனின் கிட்டார் வீட்டிலேயே இருந்தது. பையன்தான் அதை வைத்து உருப்படியாக ஏதாவது செய்வான் என்று தோன்றியதாகப் பிற்காலத்தில் அவர் நினைவு கூர்ந்தார்.

கிட்டார் வந்துவிட்டது. ஆம்ப் வாங்க வழியில்லை! அடுத்தவர் ஆம்ப்பில் சொருகித்தான் வாசிக்க வேண்டியிருந்தது.

கிட்டார் போச்சு!

ஜிமியின் முதல் கச்சேரி சியாட்டிலில் யூதர்களின் ஜெபக்கூடம் ஒன்றின் நிலவறையில் நடந்தது. பையன் ரொம்பத் துள்ளினான். ஓவராக வித்தை காட்டுகிறான் என்று இடைவேளையிலேயே கோஷ்டியை விட்டுத் துரத்திவிட்டார்கள்! எட்டே ஆண்டுகளில் அதே வித்தையைப் பார்க்க உலகம் வரிசையில் நிற்கப் போகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் வேறொரு கோஷ்டியில் சேர்ந்தான். ஒரு நாள் கச்சேரி முடிந்ததும் கிட்டாரை மேடைக்குப் பின்னால் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். காலையில் வந்து பார்த்தால் காணோம்!

தவணைக் கிட்டார் களவு போனால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது? திட்டு விழுந்தாலும் அல் கைவிடவில்லை. சிவப்பு நிறத்தில் இன்னொரு கிட்டார் வாங்கிக் கொடுத்தார். டேன்எலக்ட்ரோ கம்பெனி செய்து, சியர்ஸ் கடை ‘சில்வர்டோன்’ என்ற பெயரில் விற்ற மலிவுச் சரக்கு அது.

ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்காகவே பிறந்த கிட்டார் என்று அதைச் சொல்லலாம். உடம்பு, மரத்தூளை அழுத்திச் செய்த அட்டைப் பலகை. பிக்-அப்பை மூடியிருப்பது லிப்ஸ்டிக் குழல்! 1960-களின் தொடக்கத்தில் இதே கம்பெனி இன்னொரு தந்திரமும் செய்தது. கிட்டாரை வைத்து எடுத்துப்போகும் பெட்டிக்குள்ளேயே ஆம்ப்பையும் ஸ்பீக்கரையும் பொருத்திவிட்டது. பெட்டியைத் திறந்து நிறுத்தினால் அதுதான் ஆம்ப்! கிட்டாரும் பெட்டியும் சேர்த்து விலை 67 டாலர் 95 சென்ட். தபாலில் பணம் அனுப்பினால் வீட்டுக்கே வந்து சேரும். அமெரிக்காவில் எத்தனையோ கலைஞர்களுக்குப் பிள்ளையார் சுழி போட்டது அந்தப் பெட்டிதான்.

ஜிமிக்குக் கிரகம் சரியில்லை. திருட்டுக் காரில் போனதாகப் போலீசில் மாட்டிக்கொண்டான். சிறைக்குப் போகிறாயா, ராணுவத்துக்குப் போகிறாயா என்ற நிலைமை. 1961-ம் ஆண்டு மே மாதம் ராணுவத்தில் சேர்ந்தான். விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கும் படை.

முகாமில் மனசு ஒட்டவில்லை. கிட்டாரை அனுப்பி வையுங்கள் என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதினான். அல் அனுப்பி வைத்தார். அந்தக் கிட்டாரின் மேல் ‘பெட்டி ஜீன்’ என்று பெயின்ட்டால் எழுதியிருந்தான் ஜிமி. பள்ளிக்கூடத்தில் அவன் விரும்பிய பெண்ணின் பெயர் அது!

முகாமில் அவன் வாசிப்பது ஜன்னல் வழியே கேட்டது. வெளியே போய்க்கொண்டிருந்த பில்லி காக்ஸ் என்ற சிப்பாய் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே போய் அறிமுகம் செய்துகொண்டார். அவர் பேஸ் கிட்டார்க்காரர். அந்த நட்பு ஜிமியின் கடைசிக் காலம் வரை நீடித்தது.

1966-ம் ஆண்டு செப்டம்பரில் ஜிமி லண்டனில் வந்து இறங்கினார். அதன்பிறகு நடந்தது ஊரறிந்த கதை. ஒரு காலத்தில் ஆம்ப் இல்லாமல் தவித்தவர், ஆள் உயர ஆம்ப்களை அடுக்கி வைத்துக்கொண்டு முழங்கினார்.

1968-ம் ஆண்டு பிப்ரவரியில் சொந்த ஊரில் கச்சேரி. ராணுவத்துக்குப் போனவர் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கழித்து அன்றுதான் சியாட்டிலில் கால் வைத்தார். முதல் வரிசையில் அப்பா அல் உட்கார்ந்திருந்தார்.

இரண்டரை ஆண்டுகளில் எல்லாம் முடிந்தது. 1970-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி ஜிமி லண்டனில் இறந்தார். வயது 27 மட்டுமே. அல் 2002-ம் ஆண்டு வரை உயிரோடு இருந்தார்.

கணப்பு மரத்தில் பிறந்த கிட்டார்

லண்டனில் ஜிமி வாசித்ததைப் பார்த்து வாயடைத்துப் போனவர்களில் ஒரு கல்லூரி மாணவரும் உண்டு. பெயர் பிரையன் மே. படிப்பது இம்பீரியல் கல்லூரியில் விஞ்ஞானம். 1967-ம் ஆண்டு அதே கல்லூரிக்கு ஜிமி வந்தபோது, முன்னதாக மேடையேறி வாசித்த மாணவர் கோஷ்டியிலும் அவர் இருந்தார்.

அந்த மாணவரின் தோளில் தொங்கிய கிட்டாரை எந்தக் கடையிலும் பார்க்க முடியாது. அது அப்பாவும் பிள்ளையும் வீட்டில் செய்தது!

அப்பா ஹரால்டு, அரசாங்க விமானத் துறையில் வரைபடம் போடும் உத்தியோகஸ்தர். மாதச் சம்பளக்காரர். ஆனால் கைத்தொழிலில் மன்னன். வீட்டு ரேடியோவைத் தானே செய்தவர்.

மகனின் 7-வது பிறந்த நாளுக்கு ஒரு மரக் கிட்டார் கொடுத்தார்கள். பையன் சும்மா இருக்கவில்லை. காந்தத்தைச் சுற்றிச் செம்புக் கம்பியைச் சுற்றி ஒரு பிக்-அப் செய்து அதில் பொருத்தினான். ஆம்ப்? அப்பாவின் ரேடியோதான்! கிட்டார் வயரைக் கொண்டுபோய் ரேடியோவில் சொருகினான். ரேடியோ பாடியது!

கொஞ்சம் வளர்ந்ததும் நல்ல மின்சாரக் கிட்டார் மேல் ஆசை வந்தது. கடை விலை கையைக் கடித்தது. சம்பளத்தில் கட்டுப்படியாகாது.

வாங்க முடியாவிட்டால் என்ன, நாமே செய்துவிடலாம் என்று அப்பாவும் பிள்ளையும் இறங்கினார்கள். 1963-ம் ஆண்டு ஆகஸ்டில் வேலை தொடங்கியது.

கழுத்துக்கு மரம் வேண்டுமே? நண்பர் வீட்டில் ஒரு பழைய கணப்பு அடுப்பைப் பிரித்துப் போட்டார்கள். அதைச் சுற்றியிருந்த நூறு வருட மகாகனி மரத்தை வாங்கி வந்தார்கள். பேனாக்கத்தியால் செதுக்கினான் பையன். மரத்தில் பூச்சி அரித்த ஓட்டைகள் இருந்தன. அதில் தீக்குச்சியைச் சொருகி அடைத்தார்கள்!

உடம்புக்குப் பழைய மேஜையின் ஓக் மரம். கழுத்தில் வெள்ளைப் புள்ளிகள் பதிக்க வேண்டும். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள் உதவின. கம்பியைத் தளர்த்தி இறுக்கும் விசைக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங் இரண்டு. அந்த விசையின் கைப்பிடி, சைக்கிள் பை மாட்டும் கம்பி. அதன் நுனிக்கு அம்மாவின் பின்னல் ஊசி!

மாலையில் ஆபீஸ் விட்டு வந்த அப்பாவும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையும் ஏறக்குறைய இரண்டு வருடம் உழைத்தார்கள். மொத்தச் செலவு 8 பவுண்டு.

செக்கச் சிவந்த நிறத்தில் பிறந்தது கிட்டார். ‘ரெட் ஸ்பெஷல்’ என்று பெயர் வந்தது. அதை மீட்ட பிரையன் மே பயன்படுத்துவது ஆறு பென்ஸ் காசு! பிளாஸ்டிக் வில்லையைவிட அதுதான் கைக்கு வாகாக இருக்கிறதாம்.

1970-ல் ‘குயீன்’ கோஷ்டி பிறந்தது. மறு ஆண்டு பேஸ் கிட்டார் வாசிக்க வந்து சேர்ந்தவர் ஜான் டீக்கன் என்ற எலக்ட்ரானிக்ஸ் மாணவர். ஒரு நாள் தெருவில் குப்பைப் பெட்டியில் கிடந்த ஒரு சர்க்யூட் பலகை அவர் கண்ணில் பட்டது. எடுத்து வந்தார். ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தினார். 9 வோல்ட் பாட்டரியை இணைத்தார். திருகுக் குமிழ் ஒன்றுகூடக் கிடையாது.

அந்தக் குப்பை ஆம்ப்பில் ரெட் ஸ்பெஷலைச் சொருகினார் பிரையன். வயலினும் குழலும் சேர்ந்தாற்போல் ஒரு தேன் குரல் வந்தது! கோஷ்டியின் இசைத்தட்டுகளில் வாத்தியக் குழு வாசிப்பதுபோல் கேட்கும் பல இடங்கள் உண்மையில் அந்தப் பாட்டரிப் பெட்டிதான். பெட்டிக்கு டீக்கனின் பெயரை வைத்து ‘டீக்கி ஆம்ப்’ என்றே அழைத்தார்கள்.

அப்பா பேசவில்லை!

இங்கேதான் கதையில் சோகம் வருகிறது.

கிட்டாரைச் செய்து கொடுத்த அப்பா, மகன் கிட்டாரையே பிழைப்பாக எடுத்துக்கொள்வான் என்று எதிர்பார்க்கவில்லை. பையன் விண்வெளித் தூசியைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். பெரிய விஞ்ஞானியாக வருவான் என்று காத்திருந்தார் ஹரால்டு. பைசா பைசாவாகச் சேர்த்துப் படிக்க வைத்த குடும்பம்.

1974-ம் ஆண்டு பிரையன் ஆராய்ச்சியை அப்படியே போட்டுவிட்டுக் கோஷ்டியோடு கிளம்பினார். அப்பாவின் மனம் உடைந்தது. இரண்டு வருடம் ஒரே மேஜையில் குனிந்து மரம் இழைத்த அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சு நின்றுபோனது.

மகன் புகழின் உச்சிக்குப் போனார். பத்திரிகையில் படம் வந்தது. அப்பாவின் வருத்தம் தீரவில்லை.

பிரையன் ஒரு காரியம் செய்தார். நியூயார்க்கில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்தில் கச்சேரி. அப்பாவையும் அம்மாவையும் லண்டனிலிருந்து கான்கார்டு விமானத்தில் வரவழைத்தார்.

ஏன் கான்கார்டு? மூடுபனியில் கண் தெரியாதபோதும் அந்த விமானத்தைத் தரையிறக்கும் கருவி வேலையில் ஹரால்டுக்குப் பங்கு உண்டு. ஆனால் சம்பளக்காரர் எந்தக் காலத்தில் கான்கார்டில் ஏறுவது? தான் உழைத்த விமானத்தில், மகன் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில், முதன்முதலாக உட்கார்ந்து பறந்தார்.

அரங்கத்தில் ஆயிரக்கணக்கான ஜனங்கள். விளக்கு வெளிச்சத்தில் மகன் நின்றான். கையில் அதே கணப்பு மரக் கிட்டார்! மனைவியின் பின்னல் ஊசி, தான் அடைத்த தீக்குச்சி எல்லாம் அந்த மேடையில் இருந்தன.

கச்சேரி முடிந்தது. ஹரால்டு மகனிடம் வந்தார். கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்போது எனக்குப் புரிகிறது என்றாராம். அப்பாவின் அந்த ஒரு வார்த்தையைப் பிரையன் மே பல பேட்டிகளில் சொல்லிச் சொல்லி உருகியிருக்கிறார்.

ஹரால்டு 1988-ம் ஆண்டு காலமானார்.

2002-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி. இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் 50 ஆண்டு ஆட்சிக்குப் பொன்விழா. பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமேல் ஒற்றை ஆளாக நின்றுகொண்டு நாட்டு வாழ்த்தை வாசித்தார் பிரையன் மே. கீழே கடல்போல் கூட்டம். உலகம் முழுவதும் டெலிவிஷனில் பார்த்தார்கள்.

அரண்மனை மேல் முழங்கியது அந்த 8 பவுண்டு கிட்டார்தான்.

இன்னொரு கடனும் பாக்கி இருந்தது. 1974-ல் பாதியில் விட்ட ஆராய்ச்சியை மறுபடி கையில் எடுத்தார். 2007-ம் ஆண்டு முடித்தார். டாக்டர் பட்டம் கிடைத்தபோது அவருக்கு வயது 60.

அதைப் பார்க்கத்தான் அப்பா இல்லை!